கொட்டில் வீட்டிற்குச் சூரிய மின்சாரம்: எவ்வளவு போதும்?

மின்கம்பி எட்டாத இடத்தில் குடியிருக்கும் குடும்பம் ஒன்று சூரிய மின்சாரம் பெற எண்ணும்போது, கடைக்காரரிடம் முதலிற் கேட்பது “ஒரு செற் என்ன விலை?” என்பதாகும். கடைக்காரரும் தம்மிடம் உள்ள செற்றின் விலையைச் சொல்லுவார். நகை அடகுக்குப் போகும். அல்லது சங்கத்தில் கடன் எடுக்கப்படும். சில மாதங்கள் விளக்கு நன்றாக எரியும். கார்த்திகை மாதத்து அடைமழையில் இரவு எட்டு மணிக்கே மங்கத் தொடங்கும். அடுத்த ஆண்டு பற்றரி பழைய இரும்போடு போகும். கடன் மட்டும் மிஞ்சும்.

இவ்வாறு பணம் இழந்த குடும்பங்கள் பல. பெரும்பாலும் பொருளில் குறை இருப்பதில்லை. அளவிலேதான் பிழை இருக்கிறது. எவ்வளவு தேவை என்று எண்ணாமல் வாங்கியதன் விளைவு அது. இந்தப் பாடத்தின் நோக்கம், ஒரு கொப்பித் தாளும் பேனையும் கொண்டு உங்கள் வீட்டிற்கு எவ்வளவு சூரிய மின்சாரம் போதும் என்று நீங்களே கணக்கிடப் பழகுவதாகும். கூட்டலும் பெருக்கலும் பிரித்தலும் தெரிந்தால் போதும். வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் கணக்கை அப்பிள்ளையிடமே ஒப்படைக்கலாம்.

1. ஏன் இந்த முயற்சி?

இருட்டோடு வாழ்வது எங்களுக்குப் புதிதன்று. 1990 இன் பின்னர் பல ஆண்டுகள் யாழ். குடாநாடு தேசிய மின்வலைப்பின்னலில் இருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. ஜாம் போத்தல் விளக்கில் சில கரண்டி மண்ணெண்ணெயோடு படித்தவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டிருக்கிறார்கள். சிக்கனம் எமக்குத் தெரியும். அந்தச் சிக்கனமே சூரிய மின்சாரத்திற்கும் அடிப்படை.

மண்ணெண்ணெய் விளக்கின் செலவையும் ஆபத்தையும் முதலில் எண்ணிப் பாருங்கள். 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்குக் கால் லீற்றர் எரிக்கும் வீட்டிற்கு மாதம் ஏழரை லீற்றர் வேண்டும். அன்றைய விலையில் அது 2,550 ரூபா. இன்றைய விலையைப் போட்டு உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே பார்க்கலாம்.

குப்பி விளக்கு சரிந்தால் ஓலைக் கொட்டில் சில நிமிடங்களில் எரிந்துவிடும். சரிந்த விளக்குகளால் எரிகாயமடைந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதில் சரியாத, தட்டையான கனத்த கண்ணாடி விளக்கு ஒன்றை உருவாக்கினார். அதற்காக 1998 இல் றோலெக்ஸ் விருதும் பெற்றார். மண்ணெண்ணெய் விளக்குதான் கதி என்ற வீட்டில் அத்தகைய விளக்கை வைத்திருப்பது நல்லது. ஆயினும் தீயே இல்லாத வெளிச்சம் அதனினும் நல்லது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1997 தொடக்கம் உலக வங்கியின் உதவியோடு நடந்த கிராமிய சக்தித் திட்டங்கள் மூலம் இந்நாட்டில் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட வீடுகள் சூரிய மின்சாரம் பெற்றன. பின்னர் மின்கம்பி வந்து சேர்ந்த ஊர்களில் பல தகடுகள் பயனின்றிக் கிடந்தன. ஆகவே உங்கள் குடியிருப்புக்கு மின் இணைப்பு எப்போது வரும் என்று அருகிலுள்ள மின்சார அலுவலகத்திலும் கிராம அலுவலரிடமும் முதலில் விசாரியுங்கள். ஆறு மாதத்தில் வருமென்றால் சிறிய சூரிய லாந்தர் ஒன்றோடு பொறுத்திருப்பது புத்தி. ஆண்டுகள் ஆகுமென்றால் மேலே படியுங்கள்.

2. குளமும் துருசும் வயலும்

சூரிய மின் அமைப்பைக் கமக்காரர் எளிதாக விளங்கிக்கொள்ளலாம். குளத்துப் பாசனமும் இதுவும் ஒரே மாதிரியானவை.

மழைநீரைச் சேர்த்துத் தரும் ஏந்து பரப்புப் போன்றது சூரியத் தகடு. கடைகளில் இதனை சோலார் பனல் என்பர். வெயில் விழும்போது மட்டுமே இதிலிருந்து மின் வரும். குளம் போன்றது பற்றரி. பகலில் வந்ததைத் தேக்கி இரவிற் கொடுக்கும். துருசையும் வானையும் காக்கும் காவலாளி போன்றது மின்னேற்றக் கட்டுப்படுத்தி. குளம் நிரம்பினால் மேலும் நீர் வராமற் பார்ப்பதும், அடிநீர் இறங்கினால் துருசை மூடுவதும் அதன் வேலை. வயல் போன்றவை மின்குமிழ், வானொலி, விசிறி முதலியன.

குளத்தின் கொள்ளளவைப் பார்த்தே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கமக்கார அமைப்பின் கூட்டத்தில் முடிவு செய்கிறோம். இரணைமடுவில் நீர் குறைந்த ஆண்டில் சிறுபோகக் காணிகள் அனைத்தையும் விதைக்க எவரும் துணிவதில்லை. ஆனால் மின்சாரத்தில் மட்டும் குளத்தை அளக்காமலே வயலை விரிக்கிறோம். வந்த விருந்தினரின் கைத்தொலைபேசி, அயலவரின் கைத்தொலைபேசி, தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றாகச் சேரும், குளம் வற்றும்.

இனி அளவுகள். ஒரு பொருள் எவ்வளவு வேகமாக மின்னைக் குடிக்கிறது என்பதைக் காட்டுவது வாற். அதனை எத்தனை மணித்தியாலம் பாவிக்கிறோமோ அதனாற் பெருக்கினால் வாற்-மணி கிடைக்கும். 5 வாற் மின்குமிழ் 4 மணித்தியாலம் எரிந்தால் 20 வாற்-மணி. இந்த ஒரு பெருக்கல் தெரிந்தால் மீதி எல்லாம் விளங்கும்.

3. முதற்படி: தேவையை எண்ணுதல்

குடும்பமாக இருந்து, ஒரு நாளில் எந்தப் பொருளை எத்தனை மணித்தியாலம் பாவிப்பீர்கள் என்று எழுதுங்கள். வாற் அளவு பொருளின் பின்புறத்திலோ பெட்டியிலோ அச்சிடப்பட்டிருக்கும். உதாரணமாக, தாய், தந்தை, அம்மம்மா, படிக்கும் பிள்ளைகள் இருவர் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்.

படிக்கும் இடத்து எல்.ஈ.டி. மின்குமிழ்: 5 வாற், 4 மணித்தியாலம் = 20 வாற்-மணி.
குசினி மின்குமிழ்: 3 வாற், 3 மணித்தியாலம் = 9 வாற்-மணி.
வாசலில் இரவு முழுதும் எரியும் சிறு விளக்கு: 1 வாற், 10 மணித்தியாலம் = 10 வாற்-மணி.
வானொலி: 3 வாற், 4 மணித்தியாலம் = 12 வாற்-மணி.
கைத்தொலைபேசி இரண்டு, ஒன்று பெரியது, மற்றது பொத்தான் வைத்த சிறியது: இரண்டுக்கும் 20 வாற்-மணி.
மொத்தம்: 71 வாற்-மணி.

5 வாற் எல்.ஈ.டி. மின்குமிழ் பழைய 40 வாற் இழைக் குமிழின் அளவு வெளிச்சம் தரும். ஆகவே பழைய குமிழ்களை இந்த அமைப்பில் மாட்ட வேண்டாம். வாசல் விளக்கை வீண் என்று எண்ணவும் வேண்டாம். இரவில் மலசலகூடத்திற்குப் போகும் அம்மம்மாவின் காலடியில் பாம்பு கிடக்கிறதா என்று காட்டும் விளக்கு அது. 10 வாற்-மணிக்கு இதனைவிடப் பெரிய பயன் கிடையாது.

இப்போது ஒரு விசிறியைச் சேர்த்துப் பாருங்கள். 12 வோல்ற்றில் ஓடும் சிறிய விசிறி 12 வாற். ஆறு மணித்தியாலம் ஓடினால் 72 வாற்-மணி. வீட்டின் மற்ற எல்லாத் தேவைகளும் சேர்ந்த அளவு இது! மொத்தம் 143 வாற்-மணி ஆகிவிடும். விசிறி கூடாது என்று சொல்லவில்லை. தகரக் கூரையின் கீழ் கோடையிற் குழந்தையோடு படுப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அது தனிக்கணக்கில் வரவேண்டும். ஏன் என்று அடுத்த படியிற் காண்போம்.

4. இரண்டாம் படி: வெயிலை எண்ணுதல்

காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை வெயில் இருந்தாலும் எல்லா நேரமும் ஒரே வலுவுள்ள வெயில் அன்று. காலை மாலை இளவெயிலையும் சேர்த்து, நண்பகல் உச்சி வெயிலுக்குச் சமமாக்கிப் பார்த்தால், வடக்குக் கிழக்கில் கோடை நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மணித்தியாலம் கிடைக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரிக் காலத்தில் 3 மணித்தியாலம் என்று கணக்கிடுவது பாதுகாப்பானது. முகில் மூடிய நாளில் ஒன்றுதான் கிடைக்கும்.

கடைக்காரர் 5 மணித்தியாலத்தை வைத்துக் கணக்குச் சொல்வார். நீங்கள் 3 மணித்தியாலத்தை வைத்துக் கணக்கிடுங்கள். கோடையின் கணக்கில் வாங்கிய அமைப்பு மாரியிற் கைவிடும். விதை நெல்லை நல்ல ஆண்டின் விளைச்சலை வைத்து ஒதுக்குவதில்லை அல்லவா?

விசிறியின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. விசிறி தேவைப்படுவது கோடையில். அப்போது வெயிலும் அதிகம். மாரியில் விசிறி தேவையில்லை. எனவே மாரிக்கு விசிறியில்லாத கணக்கும் கோடைக்கு விசிறியோடு கூடிய கணக்கும் போட்டு, இரண்டில் எது பெரியதோ அதனைக் கொள்ள வேண்டும்.

5. மூன்றாம் படி: தகட்டின் அளவு

தகட்டில் வந்த மின் முழுவதும் விளக்கிற்குப் போய்ச் சேருவதில்லை. வெப்பம், தூசி, வயர், பற்றரி ஆகியவற்றில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு கழிந்துவிடும். வாய்க்காலிற் கசியும் நீரைப் போன்றது இது. ஆகவே தேவையை 0.7 ஆற் பிரிக்க வேண்டும்.

மாரிக் கணக்கு: 71 ஐ 0.7 ஆற் பிரித்தால் ஏறக்குறைய 101 வாற்-மணி. அதனை 3 மணித்தியாலத்தாற் பிரித்தால் 34 வாற்.

கோடைக் கணக்கு, விசிறியோடு: 143 ஐ 0.7 ஆற் பிரித்தால் ஏறக்குறைய 204 வாற்-மணி. அதனை 5 மணித்தியாலத்தாற் பிரித்தால் 41 வாற்.

பெரியது 41. எனவே 50 வாற் தகடு ஒன்று இந்த வீட்டிற்கு ஆகக்குறைந்த அளவாகும். ஆயினும் 80 வாற் வாங்குமாறு நான் ஆலோசனை கூறுவேன். காரணம் இதுதான். மூன்று நாள் அடைமழையில் பற்றரி இறங்கிவிட்டது என்று வையுங்கள். அதன் பின்னர் வரும் ஒரு சாதாரண மாரி நாளில் 50 வாற் தகடு கழிவு போக 105 வாற்-மணி தரும். அன்றைய செலவு 71. மிச்சம் 34 மட்டுமே. மூன்று நாட் செலவான 213 வாற்-மணியை மீட்க ஆறு நாட்களுக்கு மேற் செல்லும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். 80 வாற் தகடு அதே நாளில் 168 தரும், மிச்சம் 97. மூன்றாம் நாள் முடியுமுன் பற்றரி நிறைந்துவிடும். முகில் மூடிய நாளிற்கூட 56 வாற்-மணி தந்து பற்றரியின் இறக்கத்தைத் தடுக்கும்.

முன்னைய காலத்தில் தகடுதான் விலை கூடிய பொருள். இன்று தகட்டின் விலை வெகுவாக இறங்கிவிட்டது. பற்றரியே அடிக்கடி மாற்ற வேண்டிய செலவு. எனவே கையில் சிறிது பணம் மேலதிகமாக இருந்தால் அதனைத் தகட்டிற் போடுவது பற்றரியைக் காக்கும்.

6. நாலாம் படி: பற்றரியின் அளவு

வெயில் இல்லாமல் எத்தனை நாட்கள் சமாளிக்க வேண்டும்? மாரிக்கு மூன்று நாட்கள் என்று கொள்வோம். 71 ஐ 3 ஆற் பெருக்கினால் 213 வாற்-மணி.

ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது. குளத்து அடிநீரை இறைத்தால் மீன் சாவது போல, அடிக்கடி முற்றாக இறங்கும் பற்றரி விரைவிற் சாகும். ஆகவே 213 இன் இருமடங்கு, அதாவது 426 வாற்-மணி கொள்ளும் பற்றரி தேவை. அதனை 12 வோல்ற்றாற் பிரித்தால் ஏறக்குறைய 36 அம்பியர்-மணி. கடையில் 40 அம்பியர்-மணி என்று எழுதப்பட்டதை வாங்கலாம். கோடையில் விசிறியோடு இது ஒன்றரை நாட்களுக்குப் போதும்; கோடையில் வெயிலற்ற நாட்கள் தொடர்ந்து வருவது அரிது.

கார், உழவு இயந்திரம் ஆகியவற்றின் பற்றரியை மலிவென்று வாங்கி வீட்டிற்கு வைப்போர் உண்டு. அது இயந்திரத்தை இயக்க ஒரு கணத்தில் பெரும் மின்னோட்டம் தருவதற்காக மெல்லிய தகடுகளாற் செய்யப்பட்டது. நாள்தோறும் ஆழமாக இறங்கி ஏறும் வேலைக்கு அது உகந்ததன்று. சில மாதங்களிற் பழுதாகிவிடும். சூரிய மின்சாரத்திற்கென்று தடித்த தகடுகளோடு செய்யப்பட்ட பற்றரியைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது லிதியம் இரும்பு பொசுபேற்றுப் பற்றரிகளும் கிடைக்கின்றன. இவற்றை ஐந்தில் நான்கு பங்குவரை இறக்கலாம்; பாரம் குறைவு; ஆயுளும் பல மடங்கு. 20 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்று நமது உதாரண வீட்டிற்கு ஏறக்குறைய மூன்று நாட்களுக்குப் போதும். விலை கூடியது. ஆனால் ஐந்து ஆறு ஆண்டுகளில் ஈயப் பற்றரியை எத்தனை தடவை மாற்றுவீர்கள் என்று எண்ணிய பின்னரே எது மலிவு என்று தீர்மானியுங்கள். லிதியம் வாங்கினால் கட்டுப்படுத்தியும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

7. கட்டுப்படுத்தி, வயர், உருகி

80 வாற் தகடு ஏறக்குறைய நாலரை அம்பியர் தரும். 10 அம்பியர் கட்டுப்படுத்தி போதும். கட்டுப்படுத்தியில் முதலிற் பற்றரியையும், பின்னர் தகட்டையும், இறுதியில் விளக்குகளையும் இணைக்க வேண்டும். கழற்றும்போது விளக்கு, தகடு, பற்றரி என்ற ஒழுங்கு.

தகடு வாங்கும்போது 12 வோல்ற் அமைப்பிற்கான தகடா என்று கேளுங்கள். அதன் பின்புறத்தில் வேலை செய்யும் அழுத்தம் ஏறக்குறைய 18 வோல்ற் என்று இருக்கும். மாடி வீடுகளின் கூரைக்கென வரும் 400, 500 வாற் பெருந்தகடு மலிவாகக் கிடைத்தாலும், அதன் அழுத்தம் இதனைவிட மிகக் கூடியது. சாதாரணக் கட்டுப்படுத்தியோடு 12 வோல்ற் பற்றரிக்கு இணைத்தால் அதன் வலுவில் பாதிக்கு மேல் வீணாகும். கட்டுப்படுத்தி எரிந்தும் போகலாம்.

12 வோல்ற்றில் மெல்லிய வயர் பெரும் எதிரி. தகட்டிலிருந்து கட்டுப்படுத்தி 10 மீற்றர் தூரத்தில் இருக்கும்போது, 1/1.13 என்ற ஒற்றைக் கம்பி வயர் போட்டால் ஒன்றரை வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே இழக்கப்படும். 7/0.67 என்ற இரண்டரைச் சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு அதன் பாதிக்கும் குறைவு. எனவே தகட்டிற்கும் பற்றரிக்கும் தடித்த வயரும், ஒரு விளக்குக்குப் போகும் வழியில் மட்டும் மெல்லிய வயரும் போடுங்கள். பற்றரிக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே ஒரு மீற்றருக்கு மேல் தூரம் வேண்டாம்.

பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் 10 அம்பியர் உருகி ஒன்று கட்டாயம் வேண்டும். 12 வோல்ற் எம்மை அடிக்காது. ஆனால் குறுக்குச் சுற்று ஏற்பட்டால் வயர் நெருப்பாகி ஓலையைப் பற்றும். உருகியின் விலை ஒரு இறாத்தல் பாணின் விலைக்கும் வராது. உருகி எரிந்தால் அவ்விடத்தில் சாதாரண கம்பியைச் சுற்ற வேண்டாம்.

8. எதைச் சேர்க்கக் கூடாது?

சோற்றுப் பானை, மின்னழுத்தி, வெந்நீர்க் கேத்தல் போன்ற சூடாக்கும் பொருட்களை இந்தச் சிறிய அமைப்போடு இணைக்க முடியாது. 500 வாற் சோற்றுப் பானை அரை மணித்தியாலம் வேலை செய்ய 250 வாற்-மணி வேண்டும். அது நமது உதாரண வீட்டின் மூன்று நாட் செலவைவிட அதிகம். சமையலுக்கு விறகடுப்பே இருக்கட்டும்.

230 வோல்ற் பொருட்களை இயக்க இன்வேட்டர் என்னும் மாற்றி வேண்டும். பொருள் எதுவும் ஓடாதபோதும் அது சும்மா இருந்து மின்னைத் தின்னும். 5 வாற் தின்னும் மாற்றியை இரவு பகலாகத் திறந்து வைத்தால் ஒரு நாளில் 120 வாற்-மணி போய்விடும். வீட்டின் முழுச் செலவும் 71 என்பதை நினைவிற் கொள்ளுங்கள். எனவே விளக்கு, விசிறி, வானொலி யாவற்றையும் 12 வோல்ற்றிலேயே வாங்குவது சிறந்தது.

தோட்டத்து நீர்ப் பம்பியை வீட்டுப் பற்றரியோடு சேர்க்கவே வேண்டாம். அதற்குத் தனித் தகடுகளும், வெயில் உள்ளபோது மட்டும் ஓடும் பம்பியும் உண்டு. இரவுக்காகத் தேக்க வேண்டியது நீரே ஆகும். அதற்குத் தொட்டி போதும். அது வேறொரு பாடத்திற்குரியது.

9. பெயர்த்தெடுக்கக்கூடியதாக அமையுங்கள்

தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்கள் என்றோ ஒரு நாள் சொந்தக் காணிக்கோ நிரந்தர வீட்டிற்கோ போக வேண்டியவர்கள். இடம்பெயர்ந்தபோது சுவரோடு பதித்தவை எல்லாம் சுவரோடு நின்றுவிட்டதை எங்கள் மக்கள் மறக்கவில்லை. ஆகவே சூரிய அமைப்பும் அரை மணித்தியாலத்திற் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் பழைய பாடசாலை பஸ் வண்டிகளின் இருக்கைகளைக் கழற்றி அவற்றை வீடாக்கி வாழ்வோர் உளர். அவர்கள் நிலை வேறு. எமது நிலை வேறு. ஆயினும் சிறிய கூரை, மின்கம்பி இல்லாமை, இடம் மாறும் வாழ்வு ஆகிய மூன்றும் இரு சாராருக்கும் பொதுவானவை. அவர்களும் இதே கணக்கையே போடுகிறார்கள்: தேவை, வெயில், தகடு, பற்றரி. கட்டுப்படுத்தி, உருகி, ஆளி யாவற்றையும் ஒரே இடத்தில் ஒழுங்காகப் பொருத்திக்கொள்வதும், மழை நாட்களில் பஸ் இயந்திரம் ஓடும்போது அதிலிருந்தே பற்றரிக்கு மின்னேற்றுவதும் அவர்கள் வழக்கம். எங்களிடம் பஸ் இல்லை. ஆனால் காலபோக உழவுக்கு நாலு சக்கர உழவு இயந்திரம் வருகிறது. அடைமழை வாரத்தில் ஈயப் பற்றரியை அதனோடு இணைத்துச் சில மணித்தியாலம் மின்னேற்றலாம். இணைப்பதை விடயம் தெரிந்தவரே செய்ய வேண்டும். லிதியம் பற்றரியை இவ்வாறு நேரடியாக இணைக்கக்கூடாது.

நாம் செய்யக்கூடியது இது. ஒரு முழ நீளப் பலகையில் கட்டுப்படுத்தி, உருகி, ஆளிகள் எல்லாவற்றையும் பொருத்துங்கள். பலகையைச் சுவரில் இரண்டு ஆணிகளிற் தொங்கவிடுங்கள். பற்றரியைக் கைபிடியுள்ள மரப்பெட்டியில் வையுங்கள். தகட்டைக் கூரையோடு கட்டாமல், இரும்புச் சட்டத்தில் நாலு சுரையாணிகளாற் பொருத்துங்கள். பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம் ஆகியவற்றோடு அதே பையில் வையுங்கள்.

10. வைக்கும் இடமும் பராமரிப்பும்

மாரிக் காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதைக் கமக்காரர் அறிவர். வெயில் குறைந்த அந்த மாதங்களுக்கு உதவும் வகையில் தகடு தெற்கு நோக்கிச் சிறிது சாய்ந்திருக்க வேண்டும். ஒரு மீற்றர் நீளத் தகட்டின் வடக்கு விளிம்பை ஒரு சாண் உயர்த்தினால் போதும். மழைநீரும் தேங்காது வழிந்து தூசியைக் கழுவும். தகரத்திற்கும் தகட்டிற்கும் இடையே காற்றோட இடைவெளி விடுங்கள். சூடேறிய தகடு குறைவாகவே மின் தரும்.

பனையோலை ஒன்றின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் இழப்பு அந்த மூலையின் அளவைவிடப் பல மடங்காகும். காலை ஒன்பது முதல் மாலை மூன்று மணிவரை நிழல் விழாத இடத்தை ஒரு நாள் முழுதும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். தென்னை மரத்தின் கீழ் வேண்டாம்.

பற்றரியை அடுப்பிலிருந்து விலக்கி, காற்றோட்டமான இடத்தில், வெள்ளம் எட்டாத உயரத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி வையுங்கள். மின்னேறும்போது ஈயப் பற்றரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். நீர் ஊற்றும் வகையென்றால் மாதம் ஒரு முறை பார்த்து, காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள். கிணற்று நீர் ஆகாது. பழுதான பற்றரியை வீட்டில் உடைத்து ஈயம் எடுக்க வேண்டாம். அந்தத் தூசி பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

ஊருக்கு ஒரு மல்ரிமீற்றர் பொதுவாக இருந்தால் நல்லது. அதிகாலையில், வெயில் வருமுன், எல்லா விளக்கையும் அணைத்துச் சிறிது நேரம் பொறுத்து ஈயப் பற்றரியை அளவுங்கள். 12.7 வோல்ற் என்றால் நிறைந்த குளம். 12.4 என்றால் முக்காற் குளம். 12.2 என்றால் பாதி. அன்று வானொலியை நிறுத்துங்கள். அதற்குக் கீழே என்றால் படிக்கும் விளக்கு மட்டும் எரியட்டும்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் ஐந்து வரிகள் எழுதிச் செல்லுங்கள்: நாளாந்தத் தேவை எத்தனை வாற்-மணி, தகடு எத்தனை வாற், பற்றரி எத்தனை அம்பியர்-மணி, எந்த வகை, கட்டுப்படுத்தி எத்தனை அம்பியர், வயர் எத்தனை மீற்றர், எந்தத் தடிப்பு. அந்தத் தாள் கையில் இருந்தால் “செற் என்ன விலை?” என்று கேட்க வேண்டியதில்லை. “இந்த ஐந்துக்கும் என்ன விலை?” என்று கேட்கலாம். இரண்டு மூன்று கடைகளில் விலையை ஒப்பிடவும் முடியும்.

குழுவாகச் சிந்திக்க

1. உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாற்-மணி தேவை? குடும்பத்தில் ஒவ்வொருவரையும் கேட்டுப் பட்டியல் எழுதுங்கள். அம்மம்மாவையும் கேட்டீர்களா?

2. மாரிக்கு ஒரு பட்டியலும் கோடைக்கு ஒரு பட்டியலும் போட்டு, இரண்டுக்கும் தகட்டின் அளவைக் காணுங்கள்.

3. 15 வாற் தொலைக்காட்சி ஒன்றை நாளுக்கு 3 மணித்தியாலம் பார்ப்பதானால் நமது உதாரண வீட்டின் மாரிக்காலத் தேவை எவ்வளவாகும்? பற்றரி எவ்வளவு பெரிதாக வேண்டும்? (விடை: 116 வாற்-மணி, ஈயப் பற்றரி 58 அம்பியர்-மணி.)

4. ஒரு மாதம் மண்ணெண்ணெய்க்கும், கடையிற் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றவும் நீங்கள் கொடுக்கும் பணம் எவ்வளவு? அந்தப் பணத்தால் அமைப்பின் கடனை எத்தனை மாதங்களில் அடைக்கலாம்?

5. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒன்றாக வாங்கினால் எவற்றில் விலை குறையும்? மல்ரிமீற்றரையும் பற்றரி மாற்றும் சேமிப்பையும் யார் பொறுப்பில் வைப்பீர்கள்?